பென்சன், வைப்பு வட்டி, ரேஷன் கார்டு: ஓய்வுக்குப் பிறகு மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்குமா?

எங்கள் குடும்பத்தில் 2024-ல் இரண்டு பேர் பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்கள். அப்பா ஒரு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் தொழிலாளி. சித்தப்பா வேறொரு மில்லில் சூப்பர்வைசர். இருவருக்கும் பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, மாதாந்திர பென்சன் மூன்றும் உண்டு. அப்படியிருந்தும் ஓய்வுக்குப் பிறகு அரசு மருத்துவ உதவிக்கு இருவரும் போன பாதை முற்றிலும் வேறு. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள் என்பதால் இரண்டு பேருடைய காகிதங்களும் என் கையில்தான் வந்து சேர்ந்தன. கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் ஒவ்வொரு மாதமும் இப்படி எத்தனையோ பேர் மில் வாசலைவிட்டு வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பொதுவாக ஒரு விஷயம். "பென்சன் வாங்குறவங்களுக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது" என்று டீக்கடையிலும் மில் கேட்டிலும் பலர் அடித்துச் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பார்ப்பது குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்பதைத்தான். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது, 2022-ல்தான் உயர்த்தினார்கள். பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டே இன்னமும் பலர் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

தனியார் மில்லில் வேலை பார்த்தவருக்கு வரும் பென்சன் எவ்வளவு என்று கொஞ்சம் பாருங்கள். 1995-ம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் (இ.பி.எஸ்.) கணக்கு இதுதான்: பென்சனுக்குரிய சம்பளத்தைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. அதுவும் 2014 செப்டம்பருக்குப் பிறகுதான், அதற்கு முந்தைய சர்வீசுக்கு 6,500. முழு 35 ஆண்டுக்கும் 15,000 என்றே வைத்துக் கணக்குப் போட்டாலும் மாதம் 7,500 ரூபாய் வரும், ஆண்டுக்கு 90,000. ஆக, பென்சன் மட்டும் வருமானமாக இருக்கிற வீட்டுக்கு அந்தப் பென்சனால் அட்டை மறுக்கப்பட வழியே இல்லை. குறைந்தபட்சப் பென்சன் 1,000 ரூபாயில் காலம் தள்ளுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களும் "நான் பென்சன்காரன்" என்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தடையாக வந்து நிற்பது பென்சன் அல்ல. பி.எஃப்., கிராஜுவிட்டி என்று மொத்தமாக வந்த பணத்தை எங்கே போடுகிறோம் என்பதுதான். சித்தப்பா கதையில் அதுதான் நடக்க இருந்தது.

சித்தப்பா 60 வயதில் ஓய்வு பெற்றார். கடைசிச் சம்பளம் 32,000. சம்பளம் 21,000-ஐத் தாண்டியதுமே தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிட்டார். அதனால் ஓய்வுக்குப் பிறகு அந்தப் பக்கம் போக முடியவில்லை. சம்பளம் 32,000 ஆக இருந்தாலும் பென்சன் 4,020 ரூபாய்தான். கையில் வந்த மொத்தப் பணம் 14 லட்சம். தெரிந்தவர் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "தபால் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்குது, 8.2 சதவீதம், அப்படியே போட்டு வெச்சுருங்க."

யோசனையில் தவறில்லை. நல்ல திட்டம், அரசின் பொறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கில் விழும். ஆனால் பணம் போடுவதற்கு முந்தைய நாள் ராத்திரி சித்தப்பாவை உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 14 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 1,14,800. பென்சன் ஆண்டுக்கு 48,240. இரண்டும் சேர்ந்து 1,63,040. காப்பீட்டு அட்டையின் வரம்பை 43,000 ரூபாய்க்கு மேல் தாண்டிவிடுகிறது.

சித்தப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் அம்மிணி, இது நான் முப்பது வருசம் சேர்த்த காசு. இதெப்படி வருமானமாகும்?" என்றார்.

நியாயமான கேள்வி. சேர்த்த காசு வருமானம் ஆகாது. பி.எஃப். தொகையும் கிராஜுவிட்டியும் ஒரே ஒருமுறை வருகிற பணம், அவரே உழைத்துச் சேர்த்த முதல். ஆனால் அந்த முதல் ஆண்டுதோறும் ஈன்று தருகிற வட்டி வருமானம்தான். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சித்தப்பாவுக்கு வீட்டுக் கடன் 4.8 லட்சம் பாக்கி இருந்தது. மாதத் தவணையைப் பென்சனிலும் வட்டியிலும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். நான் சொன்னேன்: "கடனுக்கு 9 சதவீதம் கட்டிக்கிட்டு வைப்புக்கு 8.2 வாங்குறதுல லாபம் எங்கே சித்தப்பா? கடனை முடிச்சுருங்க." முடித்தார். 8 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார். மீதி 1.2 லட்சம் ஆத்திர அவசரத்துக்கு வங்கிச் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. இப்போது வைப்பு வட்டி 65,600, பென்சன் 48,240, சேமிப்புக் கணக்கு வட்டி மூவாயிரம் சொச்சம். கூட்டினால் 1,17,000 அளவில் நிற்கிறது. தவணைச் சுமை போனதால் மாதச் செலவுக்கு முன்பைவிடக் கூடுதலாகவே மிச்சம்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இருக்கிற வருமானத்தை மறைப்பது வேறு. கடனை அடைத்து, அதனால் வட்டி வருமானம் இயல்பாகவே குறைவது வேறு. நகைக் கடன் வைத்திருப்பவர்கள், ஓட்டு வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டியவர்கள் ஓய்வுப் பணம் வந்ததும் முதலில் அதைச் செய்துவிட்டு மிச்சத்தை வைப்பில் போடுவது எந்த வகையில் பார்த்தாலும் நல்லது.

அதே சமயம், அட்டைக்காக மட்டும் வருமானத்தைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். 25 லட்சம், 30 லட்சம் வந்தவர் அந்த வட்டியை விட்டுக்கொடுப்பதில் அர்த்தமில்லை. அவர் வட்டியை வாங்கி, அதில் ஒரு பகுதியில் தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்வதே சரி. வரம்புக்கு ஒட்டி மேலே நிற்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. அவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். தனியார் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்ட வசதி இல்லை, அரசுக் காப்பீட்டுக்கு ஐந்தாயிரம் பத்தாயிரம் கூடுதல்.

மனைவி பெயரில் பிரித்துப் போட்டால் தப்பிக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். தப்பிக்க முடியாது. பார்ப்பது குடும்ப வருமானம். கணவன் பெயரில் பாதி, மனைவி பெயரில் பாதி என்று போட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றேதான். முன் போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையும் சேரும்.

ஏற்கெனவே முழுப் பணத்தையும் போட்டுவிட்டவர்கள் அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒரு வருடத்துக்குள் கணக்கை மூடினால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் போட்ட தொகையிலிருந்து 1.5 சதவீதம் கழியும், இரண்டு வருடத்துக்குப் பிறகு 1 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உயர் பென்சன் விஷயமும் இதோடு தொடர்புடையது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகு, முழுச் சம்பளத்தின் அடிப்படையில் பென்சன் கேட்டு விண்ணப்பித்தவர்கள் நிறைய. மாதப் பென்சன் 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் ஆண்டுக்கு 1,20,000 தாண்டிவிடும், வேறு வருமானமே இல்லாவிட்டாலும் சரி. அதற்காக உயர் பென்சனை வேண்டாம் என்று சொல்வது புத்திசாலித்தனம் ஆகாது. சாகும்வரை வருகிற பணம், பிறகு துணைக்கும் பாதி வருகிற பணம் அது. ஆனால் "பென்சனும் கூடும், அட்டையும் இருக்கும்" என்று நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவச் செலவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இனி வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்யலாம். ரெவ்-103 என்று அவர்கள் பட்டியலில் இருக்கும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போய், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வழியாகத் தாலுகா அலுவலகத்தில் முடியும். சித்தப்பா விஷயத்தில் விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடமே நின்றுவிட்டது. காரணம் பாஸ்புக். அதில் முந்தைய மாதங்களின் சம்பளம் 32,000, 32,000 என்று வரிசையாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே பென்சன் வரவு. அதுவும் மாதம் 4,020 என்று ஒழுங்காக இல்லை. பென்சன் ஆணை தாமதமாக வந்ததால் நிலுவை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் பெரிய தொகையாக வரவாகியிருந்தது.

"ஏனுங்க அண்ணா, நீங்க வருசம் ஒன்னே கால் லட்சத்துக்குக் கீழேன்னு எழுதியிருக்கீங்க. பாஸ்புக்கு வேற சொல்லுதே" என்றார் அந்த அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் அவர், கேட்கத்தான் செய்வார்.

மில்லில் கொடுத்த பணி ஓய்வுக் கடிதத்தையும், பென்சன் ஆணையையும் எடுத்து முன்னால் வைத்தோம். பென்சன் ஆணையில் மாதத் தொகையும், எந்தத் தேதியிலிருந்து என்பதும் தெளிவாக இருக்கிறது. நிலுவைத் தொகையை 4,020-ஆல் வகுத்துக் காட்டினேன், மாதக் கணக்கு சரியாக வந்தது. சேமிப்புத் திட்டத்தின் பாஸ்புக், வீட்டுக் கடன் முடிந்ததற்கு வங்கி கொடுத்த கடிதம் இரண்டையும் பார்த்தார். 14 லட்சம் எங்கே போனது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில் மேஜையில் இருந்தது. அவரே வருமானத்தைத் தனியாக ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆகவே வருமானச் சான்றுக்குப் போகும்போது பாஸ்புக்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள். சம்பளம் நின்றுவிட்டது என்பதற்கு ஒரு காகிதம், பென்சன் இவ்வளவுதான் என்பதற்கு ஒரு காகிதம், மொத்தப் பணம் என்ன ஆனது என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் போனவர்கள்தான் "வி.ஏ.ஓ. தரமாட்டேங்கிறார்" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

தாலுகா அலுவலக வாசலில் ஒருவர் சித்தப்பாவிடம் வந்து பேச்சுக் கொடுத்தார். இரண்டாயிரம் கொடுத்தால் 72,000 என்று போட்டே வாங்கித் தருவதாகச் சொன்னார். சித்தப்பா முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வர்றதே ஒன்னு பதினேழுதான், அதை எதுக்கு நான் பொய் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு நடந்தார். பொய்ச் சான்று வாங்குவது குற்றம் என்பது ஒருபுறம். ஆபத்து நேரத்தில், ஆளை உள்ளே சேர்த்த பிறகு, சான்றின் மேல் சந்தேகம் கிளம்பினால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

சான்று கிடைத்ததும் ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனோம். சித்தப்பா, சித்தி இருவரும் நேரில் வர வேண்டியிருந்தது, புகைப்படம் எடுத்தார்கள். அந்த வேலை விரைவாகவே முடிந்தது.

ரேஷன் கார்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் சிக்குவது இங்கேதான். சித்தப்பாவின் மகன் பெங்களூரில் தனிக்குடித்தனம், கல்யாணம் ஆனதுமே தனிக் கார்டு வாங்கிவிட்டான். அதனால் சித்தப்பா கார்டில் அவரும் சித்தியும் மட்டும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பென்சன் 2,300 ரூபாய், வைப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகன் கார்டில் அவர் பெயர் இருக்கிறது, மகனுக்கு மாதம் 20,000 சம்பளம். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. பெரியவருக்கு அட்டை இல்லை.

உண்மையிலேயே தனியாகச் சமைத்துத் தனியாக வாழ்கிறவர்கள் கார்டைப் பிரித்துக்கொள்ளலாம். மகன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்கள். தனி அடுப்பு, தனி கேஸ் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே வீட்டில் ஒரே சமையலில் இருந்துகொண்டு காகிதத்தில் மட்டும் பிரிவது வேண்டாம். அந்த மாதிரி வீடுகளில் மகனுடைய கம்பெனியில் பெற்றோரையும் சேர்த்துக் குழுக் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்வேன். மகன் இ.எஸ்.ஐ.யில் இருந்தால் இன்னும் நல்லது. அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அங்கே சிகிச்சை உண்டு, பெற்றோரின் வருமானம் எல்லா வழியிலும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2,300 ரூபாய் பென்சன் வாங்கும் அந்தப் பெரியவருக்குக் கடைசியில் இந்த வழிதான் திறந்தது. மகனுக்கே இது தெரியாமல் இருந்தது.

சித்தப்பாவுக்கு அட்டை வந்து சில மாதத்தில் நெஞ்சு வலி வந்தது. ஆஞ்சியோகிராம் எடுத்ததில் இரண்டு அடைப்பு. அட்டையை ஏற்கும் தனியார் மருத்துவமனையில்தான் சேர்த்தோம். காப்பீட்டுப் பிரிவு ஊழியர் ஆவணங்களைப் பதிவேற்றி முன் அனுமதி வாங்கினார். அனுமதி வந்த பிறகு இன்னொருவர் வந்து, "காப்பீட்டுல வர்றது சாதா ஸ்டென்ட், நல்லது வேணும்னா பதினஞ்சாயிரம் தனியா கட்டிருங்க" என்றார். சித்தி உடனே வளையலைத் தொட்டுப் பார்த்தாள். நான் அவரிடம், அதை எழுத்தில் கொடுங்கள், 1800 425 3993 எண்ணில் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன் என்றேன். அதன்பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. சிகிச்சை முடிந்து பணம் கட்டாமல் வீட்டுக்கு வந்தோம். கட்டணமில்லாத அந்த எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டத்தில் உண்டு.

அப்பாவின் கதை சிறியது. ஆனால் அதில் ஒரு காகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அப்பா கடைசிவரை இ.எஸ்.ஐ.யில் இருந்தவர். குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதை எட்டி வெளியே வருகிறவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் தொடர்ந்து சிகிச்சை பெறலாம். இங்கே பென்சன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. வருமானச் சான்று வேண்டாம். ஓய்வுப் பணம் எத்தனை லட்சம் வந்திருந்தாலும் இந்த உரிமை போகாது. மில் தொழிலாளிகளுக்கு இதைவிடப் பெரிய வரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 120 ரூபாய்க்கு இன்று சில மாத்திரைகளில் ஒரு அட்டைகூட வராது.

ஆனால் "ஓய்வு" என்று காகிதத்தில் இருக்க வேண்டும். அப்பா மில்லில் கணக்கு முடிக்கிற நாளில் தட்டச்சு செய்து நீட்டிய தாளில் "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று இருந்தது. எல்லோருக்கும் அதே தாள்தான் போலிருக்கிறது. அப்பா பேனாவை மூடிவிட்டார். "58 முடிஞ்சு ரிட்டயர் ஆகறேனுங்க, விலகலைங்க. அப்படியே எழுதிக் கொடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் மாற்றிக் கொடுத்தார்கள். "ஓய்வு வயதை எட்டியதால் 58 வயது நிறைவில் பணி ஓய்வு" என்ற அந்த ஒரு வரியைத்தான் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அதற்குச் சில மாதம் முன்பு முதல் தாளிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர். கிளை அலுவலகத்தில் அவரை "நீங்க ராஜினாமா செஞ்சிருக்கீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் சந்தா கட்டியவர் அவர். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே மேலாளரிடம் இந்த வாசகத்தைப் பற்றிப் பேசி வையுங்கள்.

ஓய்வு பெற்ற மறுநாளே இ.எஸ்.ஐ. நின்றுவிடாது. கட்டிய சந்தாவுக்கு ஏற்பச் சில மாதம் ஓடும். அந்த இடைவெளிக்குள் 120 ரூபாய் வேலையை முடித்துவிட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது. அப்பா சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குவது இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில்தான். பெரிதாக ஏதாவது என்றால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

வருமான வரம்பால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு: வருமானம் பார்க்காத உதவிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற அட்டை தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பென்சன் பற்றி யாரும் கேட்பதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, அட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024 அக்டோபர் 29 அன்று விரிவாக்கினார்கள். இதில் வருமான வரம்பே கிடையாது. பென்சன் ஐம்பதாயிரம் வாங்குகிறவரும் சேரலாம். குடும்பத்திலுள்ள 70 வயது தாண்டியவர்களுக்குச் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம். இ.எஸ்.ஐ.யில் இருப்பதும், தனியார் காப்பீடு வைத்திருப்பதும் இதற்குத் தடையில்லை. மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயதைப் பார்ப்பது ஆதாரில்தான். நம் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் வயது தாறுமாறாக இருக்கிறது. பள்ளிச் சான்றோ வேறு ஆவணமோ இருந்தால் 70 வருவதற்கு முன்பே திருத்தி வைத்துவிடுங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு ஆதாரில் நான்கு வயது குறைவாக இருக்கிறது. அதைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக, கணவரை இழந்த பெண்களுக்காக ஒன்று. சித்தப்பாவின் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு இறந்துபோனார். அவர் பென்சன் 5,200. வைப்பு வட்டி ஆண்டுக்கு 70,000. ஆண்டு வருமானம் 1,32,400 என்று வந்ததால் அவர் உயிரோடு இருந்தபோது அட்டை கிடைக்கவில்லை. இறந்த பிறகு அந்த அக்காவுக்குக் குடும்பப் பென்சனாகப் பாதி, 2,600 ரூபாய் வருகிறது. ஆண்டுக்கு 31,200. வட்டியோடு சேர்த்து 1,01,200. முன்பு மறுக்கப்பட்ட குடும்பம் இப்போது வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்த அக்கா, "நமக்குத்தான் அப்பவே இல்லைன்னுட்டாங்களே கண்ணு" என்று சும்மா இருந்தார். குடும்பப் பென்சன் ஆணை, இறப்புச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய நகல் மூன்றையும் வைத்துப் புதிதாக வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தோம், கிடைத்தது. இ.பி.எஸ். பென்சனுக்குப் பஞ்சப்படி கிடையாது என்பதால் அந்தத் தொகை இனி தானாக ஏறப்போவதும் இல்லை. உங்கள் தெருவில் இப்படிக் கணவரை இழந்து பாதிப் பென்சனில் இருக்கிறவர்கள் இருந்தால், பழைய சான்றை வைத்து முடிவு செய்யாமல் இந்த ஆண்டு வருமானத்தைக் கூட்டிப் பார்த்து மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.